பிட்டா: சொல் விளக்கம்

பறவை நூல்களில் ‘பிட்டா’ என்னும் பேரினப் பெயரை, அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுதிக்கு இட்ட பெயரை, காணும் பலர், அது இலத்தீனாகவோ கிரேக்கமாகவோ இருக்கும் என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர். உண்மையில் அது தெலுங்குச் சொல். தமிழில் ‘குருவி’ என்பது போல, தெலுங்கில் ‘பிட்ட’ என்பது சிறு பறவைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். நம் பனங்காடைக்கு அங்கே பாலபிட்ட என்று பெயர். மரங்கொத்திக்குத் தச்சக்குருவி என்ற பொருளில் வட்ரங்கிபிட்ட என்று பெயர்.

இப்பொதுப்பெயர் ஒரு தனிப் பேரினத்துக்கு உரியதானது 1816இல். அதற்கு முன் அப்பேரினத்தின் இந்திய இனம், அதாவது நாம் ஆறுமணிக்குருவி என்று அழைக்கும் பறவை, பட்ட அலைச்சல் கொஞ்சமன்று. ஆங்கில இயற்கையியலாளர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 1764இல் அதைப் படத்துடன் விவரித்தார். அவ்விவரிப்பையும் முந்தைய குறிப்பு ஒன்றையும் கொண்டு, ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1766இல் உயிரினங்களை வகைப்படுத்தும் தம் ‘சிஸ்டமா நாச்சுரே’ நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் அதற்கு ‘கோர்வஸ் பிராக்கியூரஸ்’, அதாவது குட்டைவால் காகம், என்று பெயரிட்டார். காகத்தோடு அதற்கு யாதொரு உறவும் இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின் ஸ்டேட்டியஸ் முல்லர் அதைப் பூங்குருவிகளின் பேரினத்துக்கு மாற்றினார், அதுவும் பொருந்தவில்லை. இறுதியில் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ அதற்கெனத் தனிப் பேரினம் வகுத்துப் ‘பிட்டா’ என்று பெயர் சூட்டினார். அகரத்தில் முடியும் தெலுங்குச் சொல்லை இலத்தீன் இலக்கணம் பெண்பாலாகக் கொண்டதால், ‘பிராக்கியூரஸ்’ என்ற ஆண்பால் அடைமொழி ‘பிராக்கியூரா’ ஆயிற்று. 1831இல் ஸ்வைன்சன் இப்பறவைகளின் குடும்பத்துக்கு அமைத்த ‘பிட்டிடே’ என்ற பெயரும் இச்சொல்லின் அடியாகவே பிறந்தது. 1854இல் பறவையியலாளர் போனபார்ட் வகுத்த ‘எரித்ரோபிட்டா’ என்ற பேரினத்தில், சிவப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு நம் அண்டை மொழிச் சொல் கைகோத்து நிற்பதைக் காணும்போது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி உண்டாகிறது.

அக்காலத்துப் பெயர்கள் பெரும்பாலும் வாலையும் அலகையும் நிறத்தையுமே சுட்டுவதற்குக் காரணம் உண்டு. பெயரிட்டோரில் பலர் ஐரோப்பாவில் இருந்தபடி, பதப்படுத்தி அனுப்பப்பட்ட தோல்களையும் வரைந்த படங்களையும் பார்த்தே பெயரிட்டனர். தோலில் நிறம் எஞ்சும், வால் எஞ்சும், குரல் எஞ்சாது. தமிழ்நாட்டு மக்களோ குரலைக் கேட்டுப் பெயரிட்டனர். வடக்கிலிருந்து குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வரும் இப்பறவை, புதருக்கடியில் சருகைக் கிளறி இரை தேடுவதால் எளிதில் கண்ணில் படாது. ஆனால் விடியும் வேளையிலும் பொழுது சாயும் வேளையிலும் தவறாமல் ஈரசையாகச் சீழ்க்கையடிக்கும். அதனாலேயே அது ‘ஆறுமணிக்குருவி’. சிங்களத்தில் வழங்கும் ‘அவிச்சியா’ என்ற பெயரும் அதன் குரலைப் போலச்செய்ததே. இந்தியில் ‘நவ்ரங்’ என்பர். ஒன்பது நிறம் என்று பொருள். தமிழில் ‘தோட்டக்கள்ளன்’ என்ற பெயரும் உண்டு.

இவற்றுள் எதைக் கலைச்சொல்லாகக் கொள்வது? அறிவியல் பெயரை மொழிபெயர்த்துக் ‘குட்டைவாலி’ என்று புதிதாக ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். மக்களிடம் உயிரோடு வழங்கும் பெயர் இருக்க, படத்தைப் பார்த்து இட்ட அடைமொழியைத் தமிழாக்குவது தேவையற்றது. இந்திய இனத்துக்கு ஆறுமணிக்குருவி என்பதே தகும். எனினும் உலகிலுள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அனைத்துக்கும் அப்பெயரை நீட்டலாகாது. அவையெல்லாம் அந்த நேரத்தை ஒட்டிப் பெயர் பெற்றவை அல்ல. பேரினத்தையும் குடும்பத்தையும் குறிக்கப் ‘பிட்டா’ என்றே எழுதலாம். திராவிட மொழிக் குடும்பத்துச் சொல்லாதலால் தமிழ் ஒலிக்கு அது இயல்பாகவே இசைகிறது. மலேசியா, சிங்கப்பூர்க் கடலோர அலையாத்திக் காடுகளில் வாழ்வதும், 1863இல் ஷ்லேகல் ‘பேரலகு’ என்ற பொருளில் பெயரிட்டதுமான இனத்தை, அதன் வாழிடம் விளங்க ‘அலையாத்திப் பிட்டா’ எனலாம்.