நாக்குக்கு முன்பே தொடங்கும் தீர்ப்பு

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. புகையூட்டிய சால்மன் மீனில் ஐஸ்கிரீம் செய்து, அதைச் சிலரிடம் ஐஸ்கிரீம் என்று சொல்லியே கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, இனிப்பில்லாத ஓர் உறைபண்டம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதல் குழுவுக்கு அது அறவே பிடிக்கவில்லை, உப்பும் அதிகம் என்றார்கள். இரண்டாவது குழு அதே பண்டத்தைப் பெரிய குறை சொல்லாமல் சாப்பிட்டது. 2008இல் வெளியான ஆய்வு இது.

உணவகத்தில் ஒருவர் "நல்லா இருக்கு" என்றோ "சரியில்லை" என்றோ சொல்லும்போது, தட்டில் உள்ளதை மட்டும் அவர் அளப்பதில்லை. மனதில் ஏற்கெனவே ஒரு ருசி உருவாகியிருக்கிறது, அதோடு ஒப்பிடுகிறார். இரண்டுக்கும் வித்தியாசம் சின்னதாக இருந்தால் மூளை எதிர்பார்ப்பின் பக்கமே சாய்ந்துவிடும். பெரிதாக இருந்தால், உணவு இருப்பதைவிட மோசமாகத் தோன்றும்.

இந்த எதிர்பார்ப்பைக் கட்டுவதில் கண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. பிரான்சின் போர்டோ நகரில் ஒயின் தயாரிப்பைப் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களிடம், வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அதன் வாசனையை அவர்கள் வருணித்தார்கள். அத்தனை பேரும் அந்தத் துறையிலேயே பயிற்சி பெறுகிறவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் விலை. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில், ஒரே ஒயினை இரண்டு முறை கொடுத்தார்கள். ஒருமுறை சொன்ன விலை மற்றதைப் போல ஒன்பது மடங்கு. விலை கூடியபோது அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. கண்களுக்கு மேலே, மூளையின் முன்பகுதியில் இன்பத்தைக் கணிக்கும் இடமும் அப்போது கூடுதலாக இயங்கியது ஸ்கேனில் தெரிந்தது. அடிப்படைச் சுவையைப் பதிவு செய்யும் பகுதிகளிலோ மாற்றம் காணப்படவில்லை. விலையைப் பார்த்துப் புகழ்பவர் பாசாங்கு செய்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். அது நியாயமில்லை, அவர் உண்மையிலேயே கூடுதலாக ரசிக்கிறார்.

சரி, உணவு வாய்க்குள் போய்விட்டது. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றில் தெரியும் சுவை) ஆகிய ஐந்து அடிப்படைச் சுவைகளைத்தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் மூக்கின் வேலை. மெல்லும்போது கிளம்பும் வாசனை, தொண்டைக்குப் பின்னால் மேலேறி மூக்கை அடைகிறது. அங்கே சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள் காத்திருக்கின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பழத்துண்டை மென்று பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், என்ன பழம் என்று சொல்வது கடினம். விரலை எடுத்த கணத்தில் பழம் தன் பெயரோடு வந்துவிடும்.

உப்பு குறைவா, புளிப்பு தூக்கலா என்று சொல்வது நாக்கு. அடிப்பிடித்ததா, எண்ணெய் பழசா என்று சொல்வது மூக்கு. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும்போது ஹெக்சனல் போன்ற வேதிப்பொருள்கள் உருவாகின்றன. அவை மிகச் சிறிய அளவில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். சமையலறைப் பக்கமே போகாதவர்கூட எண்ணெயைப் பற்றிச் சரியாகப் புகார் சொல்வது இப்படித்தான்.

காதும் சாப்பிடுகிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், சிப்ஸைக் கடிக்கும் சத்தத்தை ஹெட்போன் வழியே கடித்தவருக்கே கேட்கச் செய்தார்கள். சத்தத்தைக் கூட்டினாலோ அதன் கீச்சொலிகளை மட்டும் உயர்த்தினாலோ, அதே ரக சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். இது 2004இல் வெளியானது. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் உப்பும் இனிப்பும் மங்கித் தெரிவதாக 2011இல் வந்த வேறொரு ஆய்வு சொல்கிறது. ஆளில்லாத நேரத்தில் ருசி பார்த்துச் சரியென்று விட்ட உப்பு, கூட்ட நேரத்தில் மேசையில் குறைவாகப் படலாம்.

சூட்டுக்கும் பங்கு உண்டு. இனிப்பை உணர்த்தும் செல்களில் உள்ள ஒரு புரதம், 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏற வேகமாக இயங்குகிறது. உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான்.

புலன்களுக்கு எட்டாத தரமும் ஒன்று இருக்கிறது, எனக்குக் கவலை தருவது அதுதான். பொருளியலாளர்கள் பொருளின் தரத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: வாங்கும் முன்பே தெரிவது, பயன்படுத்திய பின் தெரிவது, பயன்படுத்திய பின்னும் தெரியாதது. உணவின் நிறம் முதல் வகை, ருசி இரண்டாவது வகை. பாத்திரம் கழுவிய நீர், வெட்டுப்பலகையின் சுத்தம், சமைத்தவரின் கை எல்லாம் மூன்றாவது வகை. இவற்றை நேரில் பார்க்க முடியாத வாடிக்கையாளர் மேசையின் ஈரப்பிசுக்கையும், தம்ளரின் விளிம்பையும், கழிப்பறையையும் பார்த்து ஊகிக்கிறார். சால்மோனெல்லா கிருமி கலந்த உணவின் மணமோ ருசியோ மாற வேண்டியதில்லை. நோய் வெளிப்பட 6 மணி நேரமும் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். அதற்குள் அவர் வேறு எங்கெங்கோ சாப்பிட்டிருப்பார். நன்றாக இருந்தது என்று அவர் சொல்லிவிட்டு வந்த அந்த உணவின் மீது சந்தேகமே எழாமல் போகலாம்.