இரட்டைப் பதிவுகளை அழிக்க வேண்டாம், குறியிட்டு வைப்போம்

தண்டையார்பேட்டை, இராயபுரம் பகுதிகளில் உள்ள சிறு மருத்துவமனைகளுக்கும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கும் மென்பொருள் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். ஒரே நோயாளியின் பெயர் இரண்டு மூன்று முறை வருகிறது, கணினியும் மெதுவாக இருக்கிறது, மிகையானவற்றை அழித்துவிடுங்கள் என்ற கோரிக்கை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் எழும். (வேகக் குறைவுக்கும் இரட்டைப் பதிவுகளுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருப்பதில்லை.) அழிப்பதற்கு நான் உடன்படுவதில்லை, குறியிட்டு வைக்கவே சொல்வேன்.

அட்டவணையின் இரண்டு வரிசைகள், அதாவது இரண்டு பதிவுகள், ஒருவரையே குறிக்கின்றன என்பது பெரும்பாலும் நம் ஊகம்தான். காசிமேட்டில் தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைத்திருக்கும் வீட்டில் பெயர், முகவரி, கைப்பேசி எண் மூன்றும் ஒன்றாக இருக்கும். வேறுபடுத்திக் காட்ட வேண்டிய முன்னெழுத்தை அவசரத்தில் யாரும் பதிந்திருக்க மாட்டார்கள், வயதோ குத்துமதிப்பாகச் சொல்லப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்றை அழித்தால், அட்டவணைகளுக்கிடையே ஒரு வரிசையை அழித்தால் அதனோடு இணைந்தவற்றையும் அழிக்கும் 'ஆன் டெலீட் கேஸ்கேட்' என்ற விதி வைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில், தாத்தாவின் சர்க்கரை அளவுப் பதிவுகள் அத்தனையும் எந்த எச்சரிக்கையுமின்றிச் சேர்ந்தே போய்விடும்.

இதற்கு நேர்மாறாக, ஒருவரே இருவராகத் தெரிவதும் உண்டு. சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் என இரண்டு கதவு எண்கள் இருப்பதால், ஒரு முறை ஒன்றும் மறுமுறை மற்றொன்றும் பதிவாகின்றன. 'கொ' என்ற எழுத்தின் உயிர்மெய்க் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் பைட்டு பைட்டாக ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஆகவே ஒப்பிடுவதற்கு முன்பு இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, மிகுதியான இடைவெளிகளையும் முன்னெழுத்துப் புள்ளிகளையும் நீக்கிய பெயரைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொள்வது நல்லது. மூலப் பெயரைத் தொட வேண்டாம்.

குறியிடுவதற்கு 'ஆம், இல்லை' என்ற நெடுவரிசை போதாது. எந்த வரிசையின் நகல் என்பதைச் சொல்லும் முதன்மை எண், காரணம், யார் எப்போது சரிபார்த்தார் என்பவை வேண்டும். வரிசைகளுக்கு எண் கொடுக்கும் 'ரோ நம்பர்' சார்பை, ஒத்தவற்றைக் குழுவாகப் பிரிக்கும் 'பார்ட்டிஷன் பை' உடன் பயன்படுத்தினால் ஒத்த வரிசைகளுக்கு 1, 2, 3 என எண் கிடைக்கும். 1-ஐ விடப் பெரிய எண் பெற்றவற்றில் மட்டும் குறி விழும். தரவுத்தள மென்பொருள்களில், போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இவ்வசதி 2009 முதலும், மைஎஸ்க்யூஎல்லில் 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பு முதலும் உண்டு. 1 என்ற எண் பெறும் முதன்மையானது எது என்பதை, குழுவுக்குள் வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' முடிவு செய்கிறது. நான் மிகப் பழைய பதிவையே தேர்வேன். ஏனெனில் நோயாளியின் கையிலிருக்கும் பழைய சீட்டில் பெரும்பாலும் அந்த எண்தான் இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. 'நல்' எனப்படும் வெற்று மதிப்புகளைப் 'பார்ட்டிஷன் பை' ஒரே குழுவாகவே கொள்ளும். பெயரையும் கைப்பேசி எண்ணையும் வைத்துப் பிரித்தால், எண் கொடுக்காத மேரிகள் அனைவரும் ஒரே மேரியாகிவிடுவார்கள். இராயபுரத்தில் இது சிறிய எண்ணிக்கையாக இருக்காது. எண் இல்லாதவர்களை முதலிலேயே விலக்கிவிட வேண்டும்.

குறியிட்ட பட்டியலை அச்சிட்டு வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கொடுங்கள். நாம் வினவலில் கண்டுபிடிக்க முடியாததை, "இவங்க அக்கா தங்கச்சி சார்" என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். தவறான குறியை வெற்றாக்கினால் வரிசை பழையபடி நிற்கும். அறிக்கைகளுக்கு, குறியற்ற வரிசைகளை மட்டும் காட்டும் 'வியூ' ஒன்றை அமைத்தால் நோயாளிகளின் எண்ணிக்கை சரியாக வரும். பரிசோதனை வரலாற்றைத் தேடும் திரை மட்டும் முதன்மை எண்ணின் வழியே நகல்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.