விமானப்படை, கடற்படையிலிருந்து தரைப்படை அதிகாரியாவது: ஏ.சி.சி. நுழைவு விளக்கம்

விமானப்படையில் ஏர்மேனாகவோ கடற்படையில் மாலுமியாகவோ சேர்ந்து சில ஆண்டுகள் ஆனவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: தரைப்படைக்கு மாற்றல் வாங்க முடியுமா? இருக்கும் ரேங்கிலேயே நேரடியாக மாறுவதற்கு வழக்கமான ஏற்பாடு எதுவும் இல்லை. தரைப்படைக்கு 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம், விமானப்படைக்கு அதே ஆண்டின் தனிச் சட்டம், கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் என்று மூன்று சட்டங்கள். சேவை எண், டிரேடு (தொழில் பிரிவு), பதவி உயர்வுப் பட்டியல் எல்லாமே அந்தந்தப் படைக்குள் முடிந்துவிடும்.

ஆனால் பணியில் இருந்துகொண்டே, வேலையை விடாமல், தரைப்படைக்கு அதிகாரியாகப் போக ஒரு வாசல் உண்டு. டேராடூன் இந்திய ராணுவ அகாடமியின் ஒரு பிரிவாக இயங்கும் ஆர்மி கேடட் காலேஜ், சுருக்கமாக ஏ.சி.சி. பெயரில் ஆர்மி என்று இருப்பதால் சிப்பாய்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. முப்படைகளின் வீரர்களும் எழுதலாம். 1929இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் நவ்காங்கில் தொடங்கிய கிச்சனர் கல்லூரிதான் இதன் மூலம். 1960இல் புனேயில் ஏ.சி.சி. என்ற பெயரோடு இயங்கத் தொடங்கி, 1977இல் டேராடூனுக்கு வந்தது. இங்கே சொல்வது நிரந்தரச் சேர்க்கையில் வந்த ஏர்மேன்களுக்கும் மாலுமிகளுக்கும் உரியது. நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் அக்னிவீர்களின் சேவை நிபந்தனைகள் வேறு.

தகுதி

வயது 20 முதல் 27 வரை. குறைந்தது 2 ஆண்டு சேவை. 12ஆம் வகுப்புத் தேர்ச்சி. வயதைக் கணக்கிடும் தேதி, நீங்கள் விண்ணப்பிக்கும் நாள் அல்ல. சேரவிருக்கும் கோர்ஸுக்குக் குறித்த தேதி. 26 வயது முடிந்தவர் ஒரு முயற்சி தவறினால் அடுத்ததற்குள் வயது தாண்டிவிடக்கூடும். அதனால் கோர்ஸை அறிவிக்கும் கடிதம் யூனிட்டுக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

27ஐத் தாண்டியவர்களிடம் 'எஸ்.சி.ஓ.வுக்குப் போடு' என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தச் சிறப்பு கமிஷன் (அதிகாரி நியமனம்) தரைப்படையின் சொந்த வீரர்களுக்கானது. நீல உடையிலோ வெள்ளை உடையிலோ இருப்பவருக்குப் பொருந்தாது. அதிகாரியாவதுதான் நோக்கம் என்றால் உங்கள் படைக்குள்ளேயே வழி இருக்கிறது. கடற்படையில் கமிஷன் வொர்த்தி திட்டம் உண்டு. விமானப்படையிலும் ஏர்மேன்களுக்கு அதிகாரித் தேர்வு உண்டு. கற்ற தொழிலும் பழகிய சூழலும் அதில் கைவிட்டுப் போகாது. தரைப்படையே வேண்டும் என்பவர்தான் ஏ.சி.சி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

காகித வேலை

பலர் விழுவது பரீட்சையில் அல்ல, அதற்கு முன்பே. விண்ணப்பம் உங்கள் யூனிட் வழியாக, கட்டளை அதிகாரியின் (சி.ஓ.) பரிந்துரையோடு, உங்கள் படையின் தலைமையகத்துக்குப் போக வேண்டும். மேலே அனுப்புவதற்கான கடைசித் தேதி கடிதத்தில் இருக்கும். யூனிட் அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடைசித் தேதி அதற்குப் பல நாள் முன்னதாக இருக்கும். மேல் தேதியை மனதில் வைத்துக்கொண்டு, கடலில் இருக்கும் கப்பலிலிருந்தோ தற்காலிகப் பணியில் வேறு நிலையத்திலிருந்தோ விண்ணப்பித்தால் காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேராது.

அடுத்த சிக்கல் பெயரும் பிறந்த தேதியும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது தனித் தலைவலி. பள்ளிச் சான்றில் பெயருக்கு முன்னால் இனிஷியல், சேவை ஆவணத்தில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், ஆதாரில் வேறு மாதிரி. இந்த மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் விண்ணப்பம் திரும்பிவிடும். விமானப்படையில் பி.ஓ.ஆர். என்ற பணியாளர் விவர அறிக்கை வெளியிட்டும், கடற்படையில் ஜென்ஃபார்ம் என்ற படிவம் எழுப்பியும் சேவைப் பதிவைத் திருத்த வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கோர்ஸ் கடிதம் வருவதற்கு முன்பே முடித்துவைப்பது நல்லது. 12ஆம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளி வழியாக முடித்தவர்கள், அந்த வாரியம் அங்கீகரிக்கப்பட்டதுதானா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி.யும்

எழுத்துத் தேர்வு ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு, பகுத்தறியும் திறன் ஆகியவற்றைச் சுற்றியது. டெக்னிக்கல் டிரேடு ஏர்மேன்களுக்குக் கணக்கு பெரும்பாலும் கைவந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுவதில்தான் திணறுவார்கள்.

தேர்ச்சி பெற்றவர்கள் எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சோதனைக்கு அழைக்கப்படுவார்கள். முதல் நாளே வடிகட்டல்: அறிவுத்திறன் சோதனையும், 30 விநாடி காட்டும் படத்துக்கு 4 நிமிடத்தில் கதை எழுதிக் குழுவில் பேசுவதும். அதில் விழுந்தவர் அன்றே ரயில் ஏற வேண்டியதுதான். தாண்டியவர்களுக்கு 12 படங்களுக்குக் கதை (கடைசிப் படம் வெற்றுத் தாள்), தலா 15 விநாடியில் 60 சொற்களுக்கு வாக்கியம், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில். பிறகு இரண்டு நாள் குழுப்பணிகள், நேர்முகம், ஐந்தாம் நாள் மாநாடு (தேர்வாளர்கள் கூடி முடிவு செய்யும் அமர்வு).

பணியில் இருப்பவர்கள் இங்கே செய்யும் தவறு ஒரே மாதிரியானது. எதற்கெடுத்தாலும் 'மேலதிகாரிக்குத் தெரிவித்தேன்' என்று எழுதுவார்கள். பணிமனையில் அது சரியான பழக்கம்தான். ஆனால் எஸ்.எஸ்.பி. தேடுவது, மேலதிகாரி வரும்வரை தானே என்ன செய்வார் என்பதை. முதலில் நீங்கள் எடுத்த நடவடிக்கை, பிறகு தகவல் தெரிவித்தது என்ற வரிசையில் யோசித்துப் பழகுங்கள். குழுப்பணியில் உத்தரவுக்குக் காத்திருந்து பலகையையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதே கோளாறுதான்.

தேறினால் மருத்துவப் பரிசோதனை. தற்காலிகமாகத் தகுதியற்றவர் என்று வந்தால் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம். அதற்கு 42 நாள் கெடு. இயந்திர இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் காதுகளை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நல்லது. எஸ்.எஸ்.பி.யில் தேறாவிட்டால் யூனிட்டுக்குத் திரும்பிப் பழைய வேலையைத் தொடரலாம்.

நான்கு ஆண்டுகள்

ஏ.சி.சி.யில் 3 ஆண்டுகள், ஆறு டெர்ம். முடிவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. அல்லது பி.ஏ. பட்டம். அதன்பின் அதே வளாகத்தில் ஓராண்டு ராணுவ அகாடமிப் பயிற்சி. பிறகு லெப்டினன்ட். முதல் மூன்றாண்டுகள் உங்கள் ரேங்குக்கான சம்பளம் தொடரும். கமிஷன் ஆனதும் சம்பள நிலை 10, தொடக்க அடிப்படை 56,100 ரூபாய், அதோடு ராணுவச் சேவை ஊதியம் 15,500 ரூபாய். குடும்பஸ்தர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பயிற்சிக் காலத்தில் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது. குவார்ட்டர்ஸை வைத்திருக்க அனுமதி கேட்பதா, ஊருக்கு அனுப்புவதா என்பதைப் பழைய யூனிட்டை விட்டுக் கிளம்பும் முன் முடிவு செய்யுங்கள்.

உடல்தான் முதல் சோதனை. தரைப்படையின் உடல்திறன் தேர்வில் 5 கிலோமீட்டர் ஓட்டம் பூட்ஸும் ஆயுதமும் சுமந்தது; அதோடு 60 மீட்டர் விரைவோட்டம், 9 அடி பள்ளம் தாண்டல், கிடைக்கயிறு, செங்குத்துக் கயிறு. ஹேங்கரிலும் இன்ஜின் அறையிலும் இருந்துவிட்டு வந்தவர் முதல் மாதத்திலேயே வேகம் பிடிக்கப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழ் எலும்பில் நுண்விரிசல் விழும். ஆறு வாரம் கட்டிலில் கிடந்தால் பயிற்சி நாட்கள் குறைந்து, டெர்ம் பின்னுக்குப் போய்விடும். போவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே, முதலில் ஷூவிலும் பிறகு பூட்ஸிலும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓடிப் பழகுங்கள்.

பழக்க வழக்கம்

சல்யூட்டிலிருந்தே தொடங்கும். தரைப்படையில் உள்ளங்கை முன்னே விரிந்து தெரியும். கடற்படையில் கீழ்நோக்கி மறைந்திருக்கும். விமானப்படை 2006இல் 45 பாகைச் சாய்வுக்கு மாறியது. பழைய கை தானாக எழும். டிரில் மைதானத்தில் அதற்கான தண்டனையும் தானாக வரும். சில வாரங்களில் சரியாகிவிடும்.

ரேங்குகளைக் குழப்பிக்கொள்வதுதான் அதைவிடச் சங்கடம். கடற்படை கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். தரைப்படைக் கேப்டனோ கடற்படை லெப்டினன்டுக்கும் விமானப்படை ஃப்ளைட் லெப்டினன்டுக்கும் சமம். கீழ்த்தட்டில் சார்ஜென்ட், பெட்டி ஆபீசர், ஹவில்தார் மூவரும் ஒரே படி. ஆனால் ஏ.சி.சி.க்குள் நுழைந்த நாளிலிருந்து அந்தப் படிக்கட்டே இல்லை. ஆறு ஆண்டு சேவை முடித்த விமானப்படைக் கார்ப்பரலும் இரண்டு ஆண்டு சிப்பாயும் ஒரே கேடட். உங்களைவிட வயது குறைந்த சீனியர் டெர்ம் கேடட் உங்களுக்கு உத்தரவு போடுவார். 'நான் பார்க்காத சேவையா' என்ற எண்ணத்தோடு இருப்பவருக்கு முதல் டெர்ம் மிகவும் கசக்கும். அகாடமி ஆண்டில் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து (என்.டி.ஏ.) 21, 22 வயதில் வருபவர்களோடு ஒரே வரிசையில் நிற்கும்போது அதே கசப்பு மறுபடி எட்டிப் பார்க்கும்.

உண்மையான மாற்றம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. விமானப்படையில் ஏர்மேன் விமானத்தைத் தயார் செய்து, பராமரிப்புப் பதிவான படிவம் 700இல் கையெழுத்திட்டுக் கொடுப்பார். பறந்து சண்டை போடுபவர் அதிகாரி. கையெழுத்தில்லாமல் எதுவும் நகராது. கப்பலில் எல்லாரும் ஒன்றாகவே ஆபத்தை நோக்கிப் போகிறார்கள். வாழ்க்கை நான்கு மணி நேர வாட்ச்களாக (பணி முறைகளாக) ஓடும். காலாட்படையிலோ முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் கொண்ட பிளாட்டூனுக்கு முன்னால் லெப்டினன்ட் நடக்க வேண்டும். உத்தரவுகள் பெரும்பாலும் வாய்மொழி. எதிரி பற்றிய தகவல், இலக்கு, செயல்முறை, நிர்வாகம், தொடர்பு என்ற ஐந்து தலைப்பில் இருட்டில் நின்றுகொண்டு தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஆவணத்தைச் சரியாக வைப்பதில் கெட்டிக்காரரான பல ஏர்மேன்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். காகிதமில்லாமல் பேசிப் பழகுவதுதான் இதற்கு மருந்து.

சுபேதாரை நடத்தும் விதமும் கற்க வேண்டிய ஒன்று. வாரண்ட் ஆபீசருக்குச் சமமான ரேங்க்தான். ஆனால் பட்டாலியனில் அவர் வீரர்களுக்கும் அதிகாரிக்கும் நடுவே நிற்கும் பெரியவர். 'சாஹிப்' என்று சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். கேடட் பருவத்தில் கிடைக்காத அறிவை அவரிடம்தான் பெறப்போகிறீர்கள்.

எந்த ரெஜிமென்ட் என்பது உங்கள் விருப்பப் பட்டியல், தகுதி வரிசை, காலியிடம் மூன்றையும் பொறுத்தது. வெலிங்டனை மையமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமென்ட் கிடைத்தால் தமிழில் பேசலாம். கூர்க்கா ரெஜிமென்ட் என்றால் நேபாளியும் சீக்கிய ரெஜிமென்ட் என்றால் பஞ்சாபியும் கற்றே தீர வேண்டும். வீரர்களின் மொழியும் வழிபாடும் அங்கே அதிகாரியின் மொழியும் வழிபாடும் ஆகிவிடும். விமானப்படை நிலையத்தில் பல மாநிலத்தார் கலந்து வாழ்ந்து பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

ஓய்வூதியக் கணக்கு

அதிகாரிக்கு ஓய்வூதியம் பெற 20 ஆண்டு தகுதிச் சேவை வேண்டும். தாமதமாக நுழைந்தவர்களுக்கு 15. ஏர்மேனாக அல்லது மாலுமியாக இருந்த காலமும் இதில் சேரும். சேவை எண் மாறி அதிகாரிக்கான ஐ.சி. எண் வரும்போது, பழைய படையின் பதிவு அலுவலகத்திலிருந்து சேவை விவரங்கள் புதிய கோப்புக்கு வந்துவிட்டனவா என்று முதல் பணியிடத்திலேயே பார்த்துவிடுங்கள். பழைய எண், சேர்ந்த தேதி, வருங்கால வைப்பு நிதி இருப்பு, விட்டு வந்த நாள் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஓய்வு பெறும் ஆண்டில் இதைத் தேடத் தொடங்கினால் இரண்டு படைகளின் அலுவலகங்களுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிடும்.