காணொளித் திருத்தமா, காணொளித் தொகுப்பா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்டிய மதில் ஒன்றில் மூன்று மாதமாக ஒரு சுவரொட்டி கிழியாமல் இருக்கிறது: ‘குறுங்காணொளித் திருத்தப் பயிற்சி, இரண்டு வாரத்தில் சான்றிதழ்’. முதல் முறை கண்டபோது பேசாமல் கடந்துபோனேன். பிறகு அதே சொல் கல்யாண வீட்டுக்கு வந்த வீடியோக்காரரின் விலைப்பட்டியலில் வந்தது. கைபேசிச் செயலியிலும் ‘திருத்து’ என்றே இருக்கிறது. சென்ற கிழமை மருமகன் வேலைக்கு விண்ணப்பிக்க எழுதிய தாளைப் பார்க்கத் தந்தான். அதில் ‘காணொளித் திருத்துநர்’ என்று இருந்தது. வீடியோ எடிட்டர் என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தான். இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எடிட் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் வேர் இலத்தீன். அங்கே அதற்கு வெளியே கொடுத்தல், வெளியிடுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் எடிட்டர் முதலில் வந்தது, எடிட் என்ற வினை அதிலிருந்து பின்னர் உண்டானது. பிரதியை வெளியிடுபவர் அதிலுள்ள பிழையையும் களைந்ததால் திருத்தம் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அகராதியில் அதை முதலில் கண்ட ஒருவர் அப்படியே காணொளியின் தலையிலும் ஏற்றிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் திருத்தம் என்றால் என்ன விளங்கும்? சைக்கிள் திருத்துமிடம் தெருவுக்கு ஒன்று உண்டு. பழுதான சைக்கிள் அங்கே போகும். ஆசிரியர் விடைத்தாள் திருத்துவார். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987 முதல் நம் பத்திரிகைகளில் ஓயாத சொல். இந்த மூன்றிலும், திருத்துவதற்கு முன்பே ஒரு பழுதோ பிழையோ குறையோ இருந்தாக வேண்டும்.

இப்போது மருமகன் செய்ததைப் பாருங்கள். அக்கா பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சியதை அவன் 11 நிமிடம் படம் பிடித்திருந்தான். வெளியிட நினைத்தது 50 வினாடி. கடைசியில் அக்கா பனையோலைப் பிளாவில் முதல் மிடறு குடித்துக் கண்ணை மூடுகிற காட்சியை எடுத்துத் தொடக்கத்தில் வைத்தான். “முதல் மூன்று வினாடியில் பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் மாமா” என்றான். பிறகு ஒலியலையைப் பெரிதாக்கி, அது தட்டையாகக் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாக வெட்டினான். நண்டைப் போட்டதற்கும் புளியைக் கரைத்து ஊற்றியதற்கும் இடையில் அக்கா அகப்பையால் கிண்டிய 4 வினாடியும் போயிற்று. “இதில் என்ன பிழை?” என்று கேட்டேன். “ஒரு பிழையும் இல்லை, இடம் இல்லை” என்றான். பிழை இல்லாத ஒன்றை எடுத்துவிட்டதற்குத் திருத்தம் என்று பெயர் வைப்பது எந்த நியாயம்?

இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. சினிமாக்காரர்கள் படத்தொகுப்பு என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். காணொளிக்கும் அதுவே போதும். ஆனால் நண்பரான தமிழாசிரியர் ஒருவர் மறுத்தார். தொகுத்தல் என்றால் சேர்த்தல், குறுங்காணொளியில் நடப்பதோ நீக்கல், ஆகவே பொருந்தாது என்றார். இலக்கணம் படிப்பிக்கிறவரே இப்படிச் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது.

செய்யுள் விகாரம், அதாவது பாட்டுக்காகச் சொல் அடையும் மாற்றம், ஆறில் ஒன்றுக்குத் தொகுத்தல் என்றுதானே பெயர்? ‘மழவரை ஓட்டிய’ என்று வரவேண்டியது அகநானூற்றின் முதல் பாட்டில் ‘மழவர் ஓட்டிய’ என்று வருகிறது. நடுவிலிருந்த ஐ உருபு மறைந்தது, சொற்கள் இரண்டும் நெருங்கின, பொருள் கெடவில்லை. கிண்டிய 4 வினாடி மறைந்து நண்டும் புளியும் நெருங்கியதும் இதேதான். வேற்றுமைத்தொகை, உவமைத்தொகை என்று பள்ளியில் மனனம் செய்தோமே, அங்கெல்லாம் தொகை என்றால் உருபு மறைந்து நிற்றல். காணொளி என்ற சொல்லே வினைத்தொகை. கண்ட, காண்கின்ற, காணும் என்ற மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. நூல் செய்யும் வகைகளைச் சொல்லும்போது நன்னூலும் தொகுத்தலை விரித்தலுக்கு எதிரே வைக்கிறது. விரிந்து கிடப்பதைச் சுருக்கித் தருவது அது. ஆகவே சேர்த்தல், மறைத்தல், சுருக்கல் மூன்றும் இந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில்கூட இவ்வளவு பொருத்தம் இல்லை.

வரிசைப்படுத்தலும் இதில் அடங்கும். அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் 400 பாட்டையும் வந்தபடி அடுக்கவில்லை. ஒற்றை எண் எல்லாம் பாலை, 2, 8 குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல் என்று முழு நூலுக்கும் ஓர் ஒழுங்கு வைத்தார். எது எதற்குப் பின்னால் வரவேண்டும் என்று தீர்மானிப்பது தொகுப்பவரின் வேலை. மருமகன் கடைசி மிடறை முன்னால் கொண்டுவந்து வைத்ததும் அதே வேலைதான்.

கத்தரிப்பு என்பது வேலையில் பாதியை மட்டும் சொல்கிறது. செம்மையாக்கம் நல்ல சொல். எழுத்துப் பிரதிக்கு இருக்கட்டும். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் கலித்தொகையை அச்சேற்றினாரே, அதற்குப் பதிப்பித்தல் என்று தனிச்சொல் உண்டு. இத்தனை வேலைக்கும் இத்தனை சொல் வைத்திருக்கும் மொழியில் எல்லாவற்றையும் திருத்தத்துக்குள் போட்டு மூடுவது சோம்பல். மொழிபெயர்ப்பவர்கள் அந்த வேலை நடக்கும் இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். முதல் மூன்று வினாடிக் காட்சியை ஆங்கிலத்தில் ஹூக் என்பதால் இங்கே ‘கொக்கி’ என்கிறார்கள். கொக்கி கதவுக்கு, மீனுக்குத் தூண்டில். திருக்குறளிலேயே தூண்டிற்பொன்னை மீன் விழுங்குகிறது. பார்ப்பவர் போய்விடாமல் இருப்பதற்குத் ‘தக்கவைப்பு’ என்கிறார்கள். தேர்தலில் ஆசனத்தைத் தக்கவைக்கலாம். வீட்டுக்கு வந்தவரை நாங்கள் இருத்தித்தானே கதைக்கிறோம்? பார்ப்பவரை இருத்துதல் என்று சொன்னால் யாருக்கு விளங்காது?

ஒரு தடையை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துபவரைத் தொகுப்பாளர் என்கிறார்கள், குழப்பம் வரலாம். இலங்கை வானொலிக் காலத்திலிருந்து நமக்கு அவர் அறிவிப்பாளர் என்பதால் இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இல்லை. மருமகனின் தாளில் ‘திருத்துநர்’ என்பதை அடித்துக் ‘காணொளித் தொகுப்பாளர்’ என்று எழுதிக் கொடுத்தேன். சுவரொட்டி ஒட்டிய நிலையத்துக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நாளை கையிலே கொண்டுபோய்க் கொடுப்பேன்.