எந்த வடக்கிலிருந்து? வரைபடத்தில் திசைக்கோணம் அளக்கப் பழகுபவர்களுக்கு

மூடுபனி இறங்கியிருந்த ஒரு காலை. களப்பயிற்சிக்கு வந்திருந்த நான்கு மாணவர்கள் மலைமுகட்டிலிருந்து கீழே உள்ள பாலத்துக்கு இறங்க வேண்டும். வரைபடத்தில் திசைக்கோணத்தை அளந்து 244° என்று எழுதிக்கொண்டார்கள். திசைகாட்டியை அதே எண்ணில் நிறுத்தி, ஊசி இம்மியும் பிசகாமல் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நாற்பது நிமிடங்கள் கழித்து அவர்கள் நின்ற இடத்தில் பாலமும் இல்லை, ஆறும் இல்லை. முகட்டின் மறுபக்கச் சரிவில் வெகுதூரம் இறங்கிப் போயிருந்தார்கள். பாலம் இருந்த திசை 064°. அளந்த மாணவர் கோணமானியின் நடுப்புள்ளியை முகட்டின் மேல் வைக்காமல் பாலத்தின் மேல் வைத்துவிட்டார். 

யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அவர்களைத் தேடி அந்தச் சரிவில் இறங்கிய அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. நில அளவைப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். புவியியல் மாணவர்களுக்கு வரைபடப் பயிற்சியும் அளித்து வருகிறேன். அவர்களின் குறிப்பேடுகளில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பாலானவை கணக்குப் பிழைகள் அல்ல. திசைக்கோணத்தை வெறும் எண்ணாக நினைப்பதுதான் பிழைகளின் ஊற்று. "135" என்று மட்டும் ஒரு குறிப்பேட்டில் இருந்தால் அதைக் கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியாது. எந்த இடத்திலிருந்து 135? எந்த வடக்கிலிருந்து 135? எந்த ஆண்டில்? மூன்றுக்கும் விடை இருந்தால்தான் அது திசைக்கோணம்.

வரையறை எளிது. நாம் நிற்கும் புள்ளியில் வடக்கு நோக்கி ஒரு கோடு, போக வேண்டிய இடத்தை நோக்கி இன்னொரு கோடு. முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோடு வரை கடிகார முள் சுழலும் திசையில் அளக்கப்படும் கோணமே திசைக்கோணம். 000° முதல் 360° வரை, எப்போதும் மூன்று இலக்கங்களில் எழுதுவது நல்ல பழக்கம். 45 என்று எழுதினால் முன்னால் ஓர் இலக்கம் விடுபட்டதா என்ற ஐயம் வரும். 045 என்றால் வராது.

"எந்த இடத்திலிருந்து" என்ற கேள்விக்கு நம் மொழியே விடை வைத்திருக்கிறது. "முகட்டிலிருந்து பாலத்தின் திசைக்கோணம்" என்றாலும் சரி, "பாலத்தின் திசைக்கோணத்தை முகட்டிலிருந்து காண்க" என்றாலும் சரி, சொற்களின் வரிசை உங்களைக் குழப்ப வேண்டாம். "இலிருந்து" என்ற உருபு எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறதோ, கோணமானியின் நடுப்புள்ளி அந்த இடத்தில்தான் உட்கார வேண்டும். தேர்வுத் தாளில் அந்த உருபின் கீழ் ஒரு கோடு இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

இனி அளவுக்கு வருவோம். புறப்படும் புள்ளியையும் சேரும் புள்ளியையும் கூர்மையான பென்சிலால் மெல்லிய கோடாக இணையுங்கள். கோடு குட்டையாக இருந்தால், கோணமானியின் விளிம்பைத் தாண்டும் அளவுக்கு அதே நேர்கோட்டில் நீட்டுங்கள். நீட்டாமல் விட்டால் எண்ணைக் கண்மதிப்பாகத்தான் படிக்க முடியும். புறப்படும் புள்ளி வழியாக வரைபடத்தின் நிலைக்குத்துக் கட்டக்கோடுகளுக்கு இணையாக வடக்குக் கோடு வரையுங்கள். காகிதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள். நகலெடுத்த தாள்களில் படம் சற்றே சாய்ந்து அச்சாகியிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கோணமானியை வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சேரும் இடம் வடகிழக்கிலா, தென்கிழக்கிலா, தென்மேற்கிலா, வடமேற்கிலா என்று கண்ணால் பார்த்து, விடை எந்தத் தொண்ணூறு பாகைக்குள் விழும் என்று தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். தென்மேற்கு என்றால் 180-க்கும் 270-க்கும் இடையில்தான் விடை வர வேண்டும். அரைவட்டக் கோணமானியில் உள்வரிசை, வெளிவரிசை என இரண்டு எண்வரிசைகள் எதிரெதிராக ஓடுகின்றன. 050 என்று படிக்க வேண்டிய இடத்தில் 130 என்று படிப்பது அன்றாடம் நடக்கிறது. மேற்குப் பாதியில் உள்ள இடங்களுக்கு அரைவட்டத்தைத் திருப்பி வைத்து, தெற்கிலிருந்து அளந்து 180-ஐக் கூட்ட வேண்டும், அதையும் மறந்துவிடுகிறார்கள். முன்கூட்டியே எழுதிய அந்த மதிப்பீடு இந்த இரண்டு பிழைகளையும் அங்கேயே பிடித்துவிடும். வாங்கப் போகிறவர்கள் முழுவட்டக் கோணமானியாகவே வாங்குங்கள்.

பென்சிலைக் கூர்மையாக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இரண்டு புள்ளிகளுக்கும் வரைபடத்தில் 3 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால், கோட்டின் ஒரு முனை அரை மில்லிமீட்டர் விலகினாலே கோணம் ஏறக்குறைய ஒரு பாகை மாறிவிடும். இடைவெளி 12 சென்டிமீட்டர் என்றால் அதே விலகல் கால் பாகைதான். ஒரு பாகைப் பிழை தரையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர். ஐந்து கிலோமீட்டர் போனால் 87 மீட்டர். பகல் வெளிச்சத்தில் 87 மீட்டர் ஒன்றும் பெரிதில்லை. பனியிலும் அடர்ந்த காட்டிலும் ஒரு பாலத்தைத் தவறவிட அது தாராளமாகப் போதும்.

அடித்தட்டு உள்ள திசைகாட்டியைக் கொண்டும் வரைபடத்தில் நேரடியாக அளக்கலாம். தட்டின் நீள விளிம்பை இரண்டு புள்ளிகளோடும் பொருத்தி, பயணத் திசை அம்புக்குறி சேரும் இடத்தைப் பார்க்கும்படி வைத்து, சுழல்வளையத்தைத் திருப்பி, அதனுள் உள்ள கோடுகளைக் கட்டக்கோடுகளுக்கு இணையாக்கினால் எண் கிடைத்துவிடும். இந்த வேலை நடக்கும்போது காந்த ஊசி எங்கே பார்த்தாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. அந்த நேரத்தில் திசைகாட்டி வெறும் கோணமானிதான். இங்கே நேரும் பெரும்பிழைகள் இரண்டு: பயண அம்புக்குறியைத் தலைகீழாக வைப்பது, வளையத்தின் வடக்கு அடையாளத்தைப் படத்தின் தெற்குப் பக்கம் பார்க்க விடுவது. எது நடந்தாலும் விடை சரியாக 180 பாகை மாறிவிடும்.

இப்போது வடக்குக்கு வருகிறேன். கட்டுரையின் தலைப்பே அதுதான். மலை, ஆறு, பாதை என ஒரு சிறு பகுதியை விரிவாகக் காட்டும் தலப்படங்களின் ஓரத்தில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் மூன்று கோடுகள் கொண்ட சிறு படம் இருக்கும். அவை உண்மை வடக்கு, கட்ட வடக்கு, காந்த வடக்கு. உண்மை வடக்கு பூமியின் சுழல் அச்சு முடியும் துருவத்தைப் பார்க்கிறது. கட்ட வடக்கு வரைபடத்தில் அச்சிட்ட கட்டக்கோடுகளின் திசை. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது இவை இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை; படம் வரைவதற்காகப் பூமியை வடக்கு தெற்காகப் பிரித்த பட்டைகளில், அதாவது மண்டலங்களில், ஒன்றின் நடுத் தீர்க்கரேகையில் ஒன்றாக இருந்து, அதன் இருபுறமும் மெல்லப் பிரிகின்றன. 6° அகலமுள்ள மண்டலத்தின் விளிம்பில், 30° அட்சரேகையில், இந்தப் பிரிவு சுமார் ஒன்றரைப் பாகை.

மூன்றாவதான காந்த வடக்கு ஓரிடத்தில் நிற்பதே இல்லை. 1580-இல் லண்டனில் காந்த ஊசி உண்மை வடக்குக்குக் கிழக்கே சுமார் 11° விலகி நின்றது. 1630-களில் ஆங்கிலேய வானியலாளர் ஹென்றி கெல்லிபிராண்ட் அளந்தபோது அது 4° அளவுக்குக் குறைந்திருந்தது. 1820 வாக்கில் ஊசி மறுபக்கம் சாய்ந்து மேற்கே 24° வரை போனது. அங்கிருந்து மெல்லத் திரும்பி, 2019 செப்டம்பரில் கிரீனிச்சில் உண்மை வடக்கோடு ஒன்றிப்போனது. ஒரே ஊரில், நானூற்று நாற்பது ஆண்டுகளில் ஊசியின் அலைச்சல் இவ்வளவு. 1831-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கண்டறிந்த வட காந்தத் துருவம் இன்று அங்கே இல்லை. சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. எந்த இடத்தில் ஊசி எவ்வளவு விலகும் என்று கணக்கிட உதவும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் உலகக் காந்தப்புல மாதிரியை, இந்த நகர்வின் வேகத்தால் 2019 தொடக்கத்தில் முறை வருவதற்கு முன்பே திருத்த வேண்டியதாயிற்று. விமான ஓடுதளங்களின் எண்கள் காந்தத் திசைக்கோணத்தைப் பத்தால் வகுத்து எழுதப்படுபவை. அமெரிக்காவின் டாம்பா விமான நிலையத்தில் 18 என்றிருந்த ஓடுதளத்துக்கு 2011-இல் 19 என்று மாற்றி எழுதினார்கள். ஓடுதளம் அசையவில்லை, வடக்கு அசைந்துவிட்டது.

உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணத்தைக் காந்த ஒதுக்கம் என்கிறோம். அச்சிட்ட வரைபடத்தில் அந்த அளவோடு ஆண்டும் போட்டிருக்கும்; ஆண்டுக்கு எவ்வளவு மாறும் என்பதும் பெரும்பாலும் இருக்கும். 2004-இல் 4° 30′ மேற்கு, ஆண்டு மாற்றம் 8′ கிழக்கு நோக்கி என்று ஒரு படத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாகைக்கு 60 நிமிடங்கள் (′). 2024-இல் இருபது ஆண்டு மாற்றம் 160 நிமிடங்கள், அதாவது 2° 40′. ஊசி கிழக்கு நோக்கி நகர்வதால் மேற்கு ஒதுக்கம் குறைந்து 1° 50′ ஆகிறது. பழைய எண்ணை அப்படியே எடுத்தவர் இரண்டரைப் பாகைக்கு மேல் பிழையோடு புறப்படுகிறார். படம் மிகப் பழையது என்றால் இந்தக் கணக்கும் போதாது. ஆண்டு மாற்றமே நாளடைவில் மாறும். அப்போது புதிய காந்தப்புல மாதிரியிலிருந்து எண்ணை எடுப்பதுதான் சரி.

எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது? இதற்கு மனப்பாடச் சூத்திரம் எதையும் நான் சொல்லித் தருவதில்லை. பதற்றத்தில் சூத்திரம் தலைகீழாகத்தான் நினைவுக்கு வரும். ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடுகள் கிறுக்குங்கள்: கட்ட வடக்கு, காந்த வடக்கு, போகும் வழி. காந்த வடக்கு 6° மேற்கே விலகியிருந்தால், போகும் வழி வரை அது சுற்ற வேண்டிய கோணம் கூடுதல் என்பது கண்ணுக்கே தெரியும். கட்ட அளவு 064° என்றால் காந்த அளவு 070°. ஒதுக்கம் கிழக்கே என்றால் 058°. தரையில் எடுத்த அளவைப் படத்துக்குக் கொண்டுவரும்போது இதே படத்தை எதிர்த்திசையில் படியுங்கள். வரைபட ஓரத்தில் கட்ட வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணம் கொடுத்திருந்தால், கட்டக்கோட்டிலிருந்து அளப்பவர்கள் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இது தேர்வு மதிப்பெண்ணோடு முடிகிற விவகாரம் அல்ல. காட்டுத்தீயைக் கண்காணிக்கும் இரண்டு கோபுரங்களிலிருந்து புகையின் திசைக்கோணங்களைச் சொல்கிறார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தீ. ஒருவர் உண்மை வடக்கிலிருந்தும் மற்றவர் காந்த வடக்கிலிருந்தும் சொன்னால், 3° ஒதுக்கத்தில் 12 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கோடு 600 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தீயணைக்கப் போகிறவர்கள் தவறான பள்ளத்தாக்கில் இறங்கக்கூடும்.

கைப்பேசித் திசைகாட்டியையும் இதே கண்ணோடு பாருங்கள். அது காட்டுவது உண்மை வடக்கா, காந்த வடக்கா என்பதைப் பெரும்பாலும் அமைப்புகளில் மாற்றிக்கொள்ள முடியும். எது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் எண்ணை எழுதாதீர்கள். இரும்பு வேலி, வண்டி, மின்கம்பி, காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறை எல்லாமே ஊசியை இழுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் இடத்திலிருந்து இரண்டாவதைப் பார்த்து அளந்த பின், இரண்டாவது இடத்திலிருந்து முதலாவதைத் திரும்பிப் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கும் சரியாக 180° வேறுபாடு இருக்க வேண்டும். இல்லையென்றால், அளவைச் சரியாகத்தான் எடுத்தோம் என்ற உறுதி இருக்கும் நிலையில், இரண்டு இடங்களில் ஒன்றிலாவது ஊசியை ஏதோ இழுக்கிறது.

உலகப் படத்தில் கோணமானி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடக் கலைஞர் மெர்கேட்டர் 1569-இல் வெளியிட்ட படமுறையில், மாறாத திசைக்கோணத்தில் போகும் பாதை நேர்கோடாக விழும். மாலுமிகளுக்கு அது பெரும் உதவி. ஆனால் அந்த நேர்கோடு குறுகிய பாதை அல்ல. 60° வடக்கு அட்சரேகையில், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அளந்தால் 090°. அந்த வழியில் போனால் சுமார் 10,000 கிலோமீட்டர். துருவத்தைக் கடந்து 000° நோக்கிப் புறப்பட்டால் சுமார் 6,700 கிலோமீட்டர்தான். பரப்பளவைச் சரியாகக் காட்டும் படங்களிலோ கோணங்களே திரிந்திருக்கும். கோணமானியைச் சிறு பகுதியை விரிவாகக் காட்டும் தலப்படங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காற்றின் திசையும் மாணவர்களைத் தடுமாற வைக்கிறது. 270° காற்று என்றால் மேற்கு நோக்கிப் போகும் காற்று அல்ல, மேற்கிலிருந்து வரும் காற்று. வாடை வடக்கிலிருந்தும் தென்றல் தெற்கிலிருந்தும் வருவதால்தான் அந்தப் பெயர்களைப் பெற்றன என்பதை நினைத்துக்கொண்டால் போதும். இன்னொன்று, திசைக்கோணங்களைச் சராசரி எடுக்கும்போது கவனம் தேவை. 358, 002 ஆகிய இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். அது தெற்கு.

அந்த நான்கு மாணவர்களும் மறுநாள் காலை அதே முகட்டுக்குப் போனார்கள். பனி அன்றும் விலகவில்லை. இந்த முறை அளந்தவர் ஒரு மாணவி. கிளம்புவதற்கு முன் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார்: "முகட்டிலிருந்து பாலம். கட்ட வடக்கிலிருந்து 064°. இந்த ஆண்டின் காந்த வடக்கிலிருந்து 066°. திரும்பிப் பார்த்தால் 246°. இறங்கும்போது ஓடை இடக்கைப் பக்கம் கேட்க வேண்டும்." கடைசி வரியை நான் சொல்லித் தந்திருக்கவில்லை. வரைபடத்தைப் படித்து அவரே சேர்த்திருந்தார்.