லாயிட் ஜார்ஜ் யாருக்கும் இலவச மருத்துவம் தரவில்லை

பிரிட்டன் வரலாற்று விடைத்தாள்களைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகவே ஆகிவிட்டது: '1911-இல் லிபரல் அரசு மக்கள் அனைவருக்கும் இலவச மருத்துவம் வழங்கியது.' இந்த முறையும் கட்டுக் கட்டாக அதே வரி. ஆண்டு, 'அனைவருக்கும்', 'இலவசம்' மூன்றுமே தவறு. போதும், இனியாவது நிறுத்துங்கள்.

ஆண்டை எடுத்துக்கொள்வோம். நோய்க்கும் வேலையிழப்புக்கும் சந்தா வாங்கிப் பலன் தந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது 1911 டிசம்பரில். சந்தா பிடித்தம் தொடங்கியது 1912 ஜூலையில். தொழிலாளி டாக்டரிடம் போய் நின்றது 1913 ஜனவரியில்தான்.

அடுத்து 'அனைவருக்கும்'. 16 முதல் 70 வயதுக்குட்பட்ட உடலுழைப்புத் தொழிலாளர்கள், அவர்களோடு ஆண்டுக்கு 160 பவுண்டுக்கு மேல் போகாத சம்பளக்காரர்கள், இவ்வளவு பேர்தான். தொழிலாளியின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டருக்குக் கைக்காசுதான். பிள்ளைக்கு வந்தாலும் அப்படியே. மனைவிக்குக் கிடைத்தது பிரசவ உதவியாக 30 ஷில்லிங் மட்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையும் திட்டத்தில் இல்லை, காசநோய் சானடோரியம் ஒன்றுதான் விதிவிலக்கு. இதை என்.எச்.எஸ். (தேசிய சுகாதாரச் சேவை) என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: என்.எச்.எஸ். பிறந்தது 1948 ஜூலையில். 35 ஆண்டுகளைத் தயவுசெய்து விழுங்காதீர்கள்.

'இலவசம்' என்ற சொல்தான் அதிகம் எரிச்சலூட்டுவது. ஆண் தொழிலாளியின் காப்பீட்டு அட்டையில் முதலாளி வாராவாரம் 7 பென்ஸ் முத்திரை ஒட்டவேண்டும். அதில் 4 பென்ஸைக் கூலியில் பிடித்துக்கொள்ளலாம், 3 பென்ஸ் அவர் கைப்பணம். பெண்ணுக்கு முத்திரை 6 பென்ஸ், அவர் கூலியில் பிடிப்பது 3. அரசின் 2 பென்ஸ் அட்டையில் தேடினால் கிடைக்காது. ஆண்களின் பலன்களுக்கு ஆகும் செலவில் ஒன்பதில் இரண்டு பங்கைக் கருவூலம் ஏற்றது, அதைத்தான் '4 பென்ஸுக்கு 9 பென்ஸ்' என்று நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் மேடைக்கு மேடை விற்றார். கூலியில் பிடித்த காசுக்கு எதிராகக் கூட்டம் போட்டுச் சண்டை பிடித்தார்கள் மக்கள். இலவசமாக வந்ததை எதிர்த்து யார் கூட்டம் போடுவார்கள்? நோயால் வேலைக்குப் போக முடியாதபோது தரும் நோய்ப்படி ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ். 26 வாரத்துக்கு மேலும் தேறாவிட்டால் 5 ஷில்லிங். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இன்றைய ரூபாய்க்கு மாற்றி எழுதாதீர்கள், மதிப்பெண் போகும்.)

சந்தாவே கட்டாமல் கிடைத்தது 1908-இன் முதியோர் ஓய்வூதியம். அதைப் போய்க் 'காப்பீடு' என்று எழுதுகிறார்கள்! வரிப்பணத்திலிருந்து 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங், 1909 ஜனவரி 1 முதல் தபால் நிலையத்தில். ஆண்டு வருமானம் 21 பவுண்டைத் தாண்டினால் தொகை படிப்படியாகக் குறையும், 31 பவுண்டு 10 ஷில்லிங்கைத் தாண்டினால் ஒன்றுமில்லை. யார்க் நகரின் வறுமையை ஆய்ந்த ரவுண்ட்ரீ தனியாள் உயிர்வாழவே வாரம் 7 ஷில்லிங் வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார், ஆக இது பிழைப்புக்குப் போதாத தொகை. அயர்லாந்தில் 1864-க்கு முன் பிறப்புப் பதிவே கட்டாயமில்லாததால், 1839 ஜனவரியில் வீசிய பெரும்புயல் நினைவிருக்கிறது என்பதையே வயதுச் சான்றாகச் சொன்னவர்கள் உண்டு.

தொகையைவிடப் பெரிய விஷயம் வாக்குரிமை. ஆதரவற்றோருக்கு உதவி தந்த பழைய ஏழைச் சட்டத்தின் கீழ் நிவாரணம் வாங்கினால் ஓட்டு பறிபோகும். ஓய்வூதியம் வாங்குவதால் எந்த வாக்குரிமையும் போகாது என்று 1908 சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். பள்ளி உணவு பற்றிய 1906 சட்டத்திலும் பெற்றோருக்கு இதே பாதுகாப்பு உண்டு. விடைத்தாளில் இதைத்தான் தேடுகிறோம், பத்துக்கு ஒன்பதில் இருக்காது.

பள்ளி உணவில் இன்னொரு குழி. 1906 சட்டம் உள்ளாட்சிகளுக்கு அனுமதி மட்டும் தந்தது, கட்டாயமாக்கவில்லை. பல ஊர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. 1907-இன் பள்ளி மருத்துவப் பரிசோதனையும் அப்படித்தான்: பார்ப்பது கட்டாயம், குணப்படுத்துவது கட்டாயமில்லை. சட்டத்தின் பெயரைப் படித்துவிட்டு விதியைப் படிக்காமல் விட்டால் இப்படித்தான் சறுக்கும்.

இந்தச் சட்டங்கள் ஏன் வந்தன என்ற தோற்றுவாய்க் கேள்விக்கு 'மனிதாபிமானம்' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது உடல்தகுதியற்றவர்கள் ஏராளமாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள், 1904-இல் உடல்நலிவு பற்றிய குழு அறிக்கை தந்தது. லண்டனில் ஆய்வாளர் சார்லஸ் பூத் கண்ட வறுமை 30.7 சதவீதம், யார்க்கில் ரவுண்ட்ரீ கண்டது 27.84. 1906 தேர்தலில் தொழிலாளர் தரப்பில் 29 பேர் வென்று உள்ளே வந்தார்கள். 1908-இல் லாயிட் ஜார்ஜ் ஜெர்மனிக்கே போய், அந்நாட்டின் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் தொடங்கிவைத்த காப்பீட்டைப் பார்த்து வந்தார். மனசாட்சியும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டையும் எழுதுங்கள்.

அதே 1911 சட்டத்தின் இன்னொரு பகுதியான வேலையிழப்புக் காப்பீட்டில் கணக்கு கேட்பார்கள். கட்டடம், கப்பல், எந்திரம் போன்ற 7 தொழில்கள், ஏறத்தாழ 22.5 லட்சம் பேர். தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு வாரம் 2½ பென்ஸ் சந்தா. முதல் வாரம் காத்திருக்கவேண்டும், பிறகு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை. 5 சந்தாவுக்கு 1 வாரப் படி, ஆக முழு 15 வாரத்துக்கு 75 சந்தா வேண்டும். 1920-இல் இதையே ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு விரித்தார்கள், உடனேயே மந்தம் வந்தது. பருவகால வேலையிழப்புக்குப் போட்ட கணக்கு நீண்டகால வேலையிழப்பில் உடைந்தது. 'விளைவுகள்' என்ற கேள்விக்கு இதை எழுதாமல் '1914-இல் வறுமை ஒழிந்தது' என்று முடிக்காதீர்கள். ஏழைச் சட்டமே சாகவில்லை: அதை நடத்திய கார்டியன் வாரியங்கள் கலைந்தது 1929 சட்டத்தால், சட்டம் நீக்கப்பட்டது 1948-இல்.