டிராய் உங்களை அழைக்காது, உங்கள் புகாரையும் வாங்காது

என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர், "சார், டிராய்க்கு எழுதிப் போட்டேன், ஒரு பதிலும் இல்லை" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வேறு சிலர், "டிராயிலிருந்து போன் வந்தது, நம்பரைக் கட் பண்ணிடுவாங்களாம்" என்று பதறிக்கொண்டு வருகிறார்கள். இரு தரப்புக்கும் நான் சொல்லும் முதல் பதில் ஒன்றுதான். எண்ணைத் துண்டிப்பதாகச் சொல்லி டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், யாருக்கும் போன் செய்வதில்லை. தனி ஆள் கொடுக்கும் புகாரை அது விசாரிப்பதும் இல்லை. நுகர்வோர் வழக்குகளை எடுத்து நடத்தும் வழக்கறிஞர் நான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஜனங்கள் இழக்கிற பணத்தையும் காலத்தையும் பார்த்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் போன் கொடுப்பதும் அரசு, கட்டணம் வைப்பதும் அரசு. தனியார் நிறுவனங்கள் உள்ளே வந்தபிறகு பொதுவான ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1997-ல் தனிச் சட்டம் போட்டு டிராய் அமைக்கப்பட்டது. 2000-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, வழக்கு விசாரிக்கும் வேலையை டிராயிடமிருந்து பிரித்து, டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்திடம் கொடுத்துவிட்டார்கள். 2004-ல் கேபிளும் டிடிஎச்சும் டிராயின் கீழ் வந்தன. ஆக, விதி எழுதுவது, கட்டணத்துக்கும் தரத்துக்கும் வரம்பு வைப்பது, மீறும் நிறுவனத்துக்கு அபராதம் போடுவது ஆகியவை டிராயின் வேலை. உரிமம் கொடுப்பது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை. சேனலில் என்ன காட்டுகிறார்கள் என்பதைப் பார்ப்பது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். டெல்லியில் இந்த மூன்று கதவுகளும் தனித்தனி. தவறான கதவைத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள்.

முதலில் அந்த மோசடி அழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம்.

என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு நடந்தது இது. காலை வேளை, வீட்டில் யாரும் இல்லை. பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று, "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எல்லா எண்களும் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்" என்றது. அழுத்தினார். மறுமுனையில் ஓர் ஆள், மரியாதையாகத்தான் பேசியிருக்கிறான். உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதிலிருந்து ஆபாசச் செய்திகள் போயிருக்கின்றன, எஃப்ஐஆர் பதிவாகிவிட்டது என்றான். அப்புறம் 'போலீஸ் அதிகாரி'க்கு மாற்றினான். வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சக்கரம் போட்ட பலகை. கேமராவை அணைக்கக் கூடாது, மகளிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் அவளையும் சேர்க்க வேண்டிவரும் என்ற மிரட்டல். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் வைப்புநிதியை உடைக்க வங்கிக்குப் போன இடத்தில், கவுன்ட்டரில் இருந்த பெண், "என்னம்மா, திடீர்னு இவ்வளவு பணம்? யாராவது போன்ல மிரட்டினாங்களா?" என்று கேட்டதால் தப்பினார். அந்தப் பெண் கேட்காமல் இருந்திருந்தால், அவர் வாழ்நாள் சேமிப்பு அன்றைக்கே போயிருக்கும்.

அவர் படித்தவர், வாழ்நாள் முழுக்க பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். அவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. டிராய்க்கு என்ன அதிகாரம் உண்டு, என்ன இல்லை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்த இடைவெளியில்தான் திருடன் நுழைகிறான். எண்ணைத் துண்டிப்பது பற்றி நாங்கள் யாரையும் தொடர்புகொள்வதில்லை, எங்கள் சார்பில் அழைக்க எந்த ஏஜென்சியையும் வைத்ததில்லை என்று டிராயே பகிரங்கமாக அறிவித்திருக்கிறது. பில் பாக்கி, கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பில் குறை போன்றவற்றுக்காக இணைப்பை நிறுத்துவது உங்கள் சிம் நிறுவனம்தான். சந்தேகம் வந்தால் அந்த நிறுவனத்தின் கடைக்கு நேரில் போய்க் கேளுங்கள். இப்படி வீடியோ காலிலேயே ஆளை உட்கார வைத்து மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும், ஏனென்றால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் அதை முடக்கியாக வேண்டும். பணம் போகவில்லை, அழைப்பு மட்டும்தான் வந்தது என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்‌ஷு' என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள்.

அதே தளத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். உங்கள் எண்ணைப் போட்டு, ஓடிபி கொடுத்தால் பட்டியல் வரும். தெரியாத எண் இருந்தால் "இது என் எண் இல்லை" என்று குறித்து அனுப்பிவிடலாம். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஒருவர் பெயரில் 9 சிம் வரைதான் இருக்கலாம் (ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6). 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இந்த வரம்பை மீறினால் முதல் முறை 50,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. தெருமுனைக் குடையின் கீழ் உட்கார்ந்து ஆஃபர் சிம் விற்பவரிடம் விரல்ரேகை வைக்கும்போது, ஒரு சிம்முக்கு ஒரு முறை மட்டும் வையுங்கள். "சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க" என்றால் அந்த இடத்திலேயே காரணம் கேளுங்கள்.

சரி, டிராயால் சாதாரண மக்களுக்குப் பிரயோசனமே இல்லையா? நிறைய இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. 28 நாள் பேக் போட்டால் வருஷத்துக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது என்று ஜனங்கள் முறையிட்டதால், 30 நாள் கணக்கில் ஒரு பிளானாவது வைத்தே ஆக வேண்டும் என்று 2022-ல் உத்தரவு போட்டார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டி எதற்கு டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு 2024 டிசம்பரில் பதில் வந்தது: பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜை எல்லா நிறுவனமும் கொடுக்க வேண்டும், அதன் காலக்கெடு 365 நாள் வரை இருக்கலாம். கடையில் கேட்டால் உடனே எடுத்துக் காட்ட மாட்டார்கள். "டேட்டா இல்லாத பேக் இருக்குல்ல, அதைப் போடுங்க" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விளம்பரத் தொல்லைக்கும் விதி இருக்கிறது. விளம்பர அழைப்புக்கு 140 என்று தொடங்கும் எண், வங்கி, காப்பீடு, அரசு போன்றவற்றின் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் எண் என ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண 10 இலக்க எண்ணிலிருந்து கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்பது விதிமீறல். எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ஓர் எழுத்து வரும், கவனித்திருப்பீர்கள். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. தொல்லை கொடுத்தால் 1909-க்குப் புகார் செய்யலாம். முன்பு 3 நாளுக்குள் செய்ய வேண்டும் என்று இருந்ததை 2025-ல் 7 நாளாக ஆக்கியிருக்கிறார்கள். தொந்தரவு வேண்டாம் என்று பதிவு செய்து வைக்காதவரும் இப்போது, பதிவு பெறாத எண்ணிலிருந்து வந்த விளம்பர அழைப்பின் மீது புகார் கொடுக்கலாம்.

டிவி விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். நீங்கள் பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு கொடுக்கலாம், ஒவ்வொரு சேனலுக்கும் விலையை வெளியே சொல்ல வேண்டும் என்று 2017-ல் டிராய் கொண்டுவந்த ஏற்பாட்டை எதிர்த்துப் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் வழக்குப் போட்டது நம் சென்னை உயர்நீதிமன்றத்தில்தான். 2018 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுத, வழக்கு மூன்றாவது நீதிபதிக்குப் போனது. டிராய்க்கு அதிகாரம் உண்டு என்று முடிவானது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபோது, பில் குறையும் என்று எதிர்பார்த்த பல வீடுகளில் பில் ஏறியது. நல்ல சேனல்களைத் தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாதபடி தொகுப்பு விலைகளை வைத்தார்கள். பிறகு வந்த திருத்தங்கள் சிலவற்றைச் சரி செய்தன. அடிப்படை இணைப்புக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை 2024-ல் டிராயே எடுத்துவிட்டது. போட்டி பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். ஒரே ஒரு கேபிள்காரர் மட்டும் இருக்கும் கிராமத்தில் என்ன போட்டி இருக்கப்போகிறது? இந்த முடிவு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனாலும் சேனலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், கட்டிய பணத்துக்கு ரசீது கேட்கும் உரிமையும் உங்களிடம் இன்னும் இருக்கின்றன.

சேனலில் வந்த நிகழ்ச்சி பற்றிப் புகார் என்றால் வழியே வேறு. 2021-ல் திருத்திய கேபிள் விதிகளின்படி முதலில் அந்த ஒளிபரப்பாளருக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கும், அதற்கு மேல் அமைச்சகக் குழுவுக்கும் போகலாம்.

இப்போது பில், இணைப்பு, சேவை பற்றிய புகாருக்கு வருகிறேன். மொபைலோ பிராட்பேண்டோ, முதல் படி நிறுவனத்தின் புகார் மையம். அங்கே பேசி முடித்ததும் ஒரு டாக்கெட் எண், அதாவது புகார் பதிவு எண், கொடுக்க வேண்டும், அது 2012-ஆம் ஆண்டு டிராய் விதி. தீர்வு வரவில்லை, அல்லது வந்தது சரியில்லை என்றால், 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். கட்டணம் இல்லை. 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது படி இருப்பதே பலருக்குத் தெரியாது. கஸ்டமர் கேரில் பேசுகிறவரும் தானாகச் சொல்ல மாட்டார்.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், வீடு மாறியபோது பிராட்பேண்டை நிறுத்தச் சொல்லி, ரவுட்டரையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாதா மாதம் பில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வசூல் ஏஜென்ட் கடைக்கே போன் செய்து, வாடிக்கையாளர்கள் நிற்கும்போது சத்தம் போட்டிருக்கிறான். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். அங்கே நிறுவனம் தாக்கல் செய்த பதிலில் முதல் வரியே, இணைப்பைத் துண்டிக்கக் கோரி எந்தப் புகாரும் வரவில்லை என்பதுதான். எல்லா வழக்கிலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இவர், ஒவ்வொரு முறை போன் செய்தபோதும் கடையில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் டாக்கெட் எண்ணை எழுதி, பேசியவர் பெயரையும் குறித்து, ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். தேதி தாளிலேயே அச்சாகி இருக்கிறது. அந்தக் கட்டை அப்படியே நகலெடுத்து ஆவணமாகக் கொடுத்தோம். அடுத்த வாய்தாவுக்குள் நிறுவனத்தின் வழக்கறிஞர் சமரசம் பேச வந்துவிட்டார். பாக்கி ரத்தானது, முன்பணம் திரும்ப வந்தது, ஒரு தொகை இழப்பீடாகவும் கிடைத்தது.

தொலைபேசித் தகராறுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று இன்னும் சில வழக்கறிஞர்களே சொல்லிக் கேட்கிறேன். 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, 2009-ல் உச்சநீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில், அந்தப் பிரிவு நுகர்வோர் சட்டத்தின் வழியை அடைக்காது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் சட்டப்படி நிவாரணம் தேடும் உரிமையைப் பாதுகாத்திருக்கிறது. அதனால் யாராவது "இங்கே வழக்கு நிற்காது" என்றால் நம்பித் திரும்பிப் போகாதீர்கள்.

சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வாதாடலாம், ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலும் மனுப் போடலாம். அதற்கு முன் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மனுவோடு பில், டாக்கெட் எண்கள், மேல்முறையீட்டில் வந்த பதில், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றை வையுங்கள். மேல்முறையீட்டுக்கு 39 நாளில் பதிலே வரவில்லை என்றால், வரவில்லை என்பதை மனுவில் தேதியோடு எழுதுங்கள்.